வண்டி நன்றாக ஓடும்போதே பிளக்கை மாற்றுங்கள்: கழற்றுவது முதல் இறுக்குவது வரை

ஸ்பார்க் பிளக் திடீரென்று நின்றுபோகும் பாகமாக இருந்திருந்தால் எல்லோரும் அதை உரிய நேரத்தில் மாற்றியிருப்பார்கள். அது மெல்லத் தேய்கிறது. தேய்ந்த பிளக்கிலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் நிற்கும், வேகமும் போகும். அதனால் அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பிளக் தன் வேலையை எப்படியோ முடித்துவிடுகிறது. அதற்கான சுமையை, பொறிக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயிலும் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஏற்கின்றன. இரண்டுமே பிளக்கைவிடப் பல மடங்கு விலை. மாற்றும் வேலையைப் படிப்படியாக எழுதுவதற்கு முன் இந்தத் தேய்மானம் எங்கே போய் இடிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். அது புரிந்தால் ஒவ்வொரு படியிலும் ஏன் இவ்வளவு கவனம் என்பதும் புரியும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் ஒரு முறை பொறி விடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2000 ஆர்.பி.எம். காட்டும் வண்டி நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் போகிறது; அந்த நிமிடத்தில் ஒரு பிளக் ஆயிரம் பொறி விடுகிறது. 40,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது நான்கு கோடிப் பொறி. ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகும். இதனால் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, நடு மின்முனைக்கும் அதற்கு எதிரே வளைந்து நிற்கும் கிரவுண்ட் மின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி அகலமாகிறது. மற்றொன்று, கூராக இருந்த விளிம்புகள் மழுங்குகின்றன. மின்சாரம் கூரான விளிம்பிலிருந்து சுலபமாகத் தாவும், மழுங்கிய விளிம்பிலிருந்து தாவ அதிக வோல்டேஜ் கேட்கும். ஆகவே இடைவெளியை மட்டும் தட்டிச் சரிசெய்தால் பழைய பிளக் புதியதாகிவிடாது. விளிம்பு மழுங்கியது மழுங்கியதுதான்.

காயில் ஒவ்வொரு முறையும் தன் முழு வோல்டேஜையும் கொடுப்பதில்லை. இடைவெளியைத் தாண்டத் தேவையான அளவுக்கு ஏறியதும் பொறி விழுந்துவிடும், அதற்கு மேல் ஏறாது. நல்ல பிளக்கில் இது பத்துப் பதினைந்து ஆயிரம் வோல்ட் அளவில் முடிந்துவிடும். தேய்ந்த பிளக்கில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டும். காயிலின் உச்சம் முப்பது நாற்பதாயிரம் என்றால், ஒவ்வொரு பொறிக்கும் அது தன் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்றுகளின் காப்புப்பூச்சு இந்த அழுத்தத்தில்தான் உடைகிறது. இல்லையென்றால் மின்சாரம் வேறு வழி தேடும்: பிளக்கை மூடியிருக்கும் காயிலின் ரப்பர் உறையைத் துளைத்து இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் பாயும், அல்லது பிளக்கின் பீங்கான் மேல் ஊர்ந்து கீழே உள்ள இரும்பு உடலுக்கு இறங்கும். ஒரு முறை அப்படி ஊர்ந்த பாதையில் கருகிய கோடு விழுந்துவிட்டால் அடுத்தடுத்த பொறிகளுக்கு அதுவே நிரந்தர வழியாகிவிடும்.

தேய்மானத்தின் முதல் அறிகுறி ஐடிலிங்கில் தெரியாமல் ஏற்றத்தில் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூடப் பொறி தாவத் தேவையான வோல்டேஜும் கூடும். ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. தேய்ந்த பிளக்கும் சமாளித்துவிடும். நான்காவது ஐந்தாவது கியரில் குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மேடு ஏறும்போது சிலிண்டர் நிறையக் காற்று போய், அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில்தான் வண்டி சின்னதாக வெட்டும். பலர் இதை கிளட்ச் என்றோ பெட்ரோல் சரியில்லை என்றோ நினைக்கிறார்கள். மேட்டில் மட்டும் வெட்டுகிறது, சமதளத்தில் சரியாகப் போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக்.

பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும் பயன்படுத்தப்படாத ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே போகின்றன. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோலை அளக்கத் தெரியாது, ஆக்ஸிஜனை மட்டுமே அளக்கும். ஆக்ஸிஜன் மிகுதியாக இருப்பதைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் சேர்க்கும். மைலேஜ் குறைவதன் ஒரு பங்கு எரியாமல் போனது, இன்னொரு பங்கு இப்படித் தப்பாகச் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பெட்ரோல் முழுவதும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டுவிட்டு மின்னுவது வேறு. மின்னுகிறது என்றால் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர், அதாவது கலவை எரியாமல் தவறுவது, நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, ஓரமாக நிறுத்திவிடுவதே சரி.

எப்போது மாற்றுவது

வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் கிலோமீட்டர்தான் முடிவான பதில். பொதுவான அளவு தெரிய வேண்டுமென்றால்: சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை, பிளாட்டினமும் இரிடியமும் வடிவமைப்பைப் பொறுத்து 60,000-லிருந்து 1,00,000 கி.மீ. வரை. இரிடியம் இவ்வளவு தாங்குவதற்குக் காரணம் அதன் உருகுநிலை. நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768 டிகிரியில், இரிடியம் 2446 டிகிரியில். அதனால் இரிடியத்தின் நடு மின்முனையை 0.4 முதல் 0.6 மி.மீ. வரை ஊசிபோல மெல்லியதாகச் செய்ய முடிகிறது. நிக்கலில் அதே முனை 2.5 மி.மீ. தடிமன். மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜில் தாவும். ஆகவே இரிடியத்தின் லாபம் ஆயுளில் மட்டும் இல்லை, காயிலுக்குக் கொடுக்கும் ஓய்விலும் இருக்கிறது.

சில நிலைமைகளில் கையேட்டின் எண்ணுக்கு முன்பே மாற்ற வேண்டும். சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி.யில் ஓடும் இன்ஜினில் பொறிக்குத் தேவையான வோல்டேஜ் பெட்ரோலைவிட அதிகம். பிளக் சீக்கிரம் தேயும், தேய்ந்ததும் சீக்கிரம் தெரியும். டர்போ இன்ஜினில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கும் இதே கதை. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் சூட்டுக்கு ஏறுவதே இல்லை. தேயாமலேயே கரி பிடித்துக் கெடும்.

பழைய வண்டிகளிலும், இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் உள்ள வண்டிகளிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே காயிலின் இரண்டு முனைகளும் இரண்டு பிளக்குகளுக்குப் போகும்போது ஒன்றில் பொறி நடு மின்முனையிலிருந்து கிரவுண்டுக்கும், மற்றொன்றில் தலைகீழாகவும் தாவும். தலைகீழாகத் தாவும் பிளக்கில் கிரவுண்ட் மின்முனைதான் வேகமாகத் தேயும். நடு முனையில் மட்டும் பிளாட்டினமோ இரிடியமோ வைத்த பிளக்கை இந்த வண்டியில் போட்டால் பெட்டியில் எழுதிய ஆயுள் கிடைக்காது. இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் உள்ள வகையையே போட வேண்டும். இல்லையென்றால் நிக்கலைப் போட்டு, அதன் கணக்கில் மாற்றிவிடுவது நேர்மையான வழி.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது ஹீட்டர் பிளக். அது வேறு பாகம், வேறு வேலை.

எந்தப் பிளக்

பிளக்கின் மேல் உள்ள எழுத்துகளும் எண்களும் அலங்காரத்துக்கு இல்லை. என்.ஜி.கே. கம்பெனியின் பி.கே.ஆர்.6ஈ-11 (BKR6E-11) என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு எழுத்துகள் 14 மி.மீ. மரையையும் 16 மி.மீ. அறுகோணத்தையும் சொல்கின்றன. ஆர் என்பது உள்ளே ரெசிஸ்டர் (மின்தடை) இருப்பதைக் காட்டுகிறது. 6 வெப்ப எண். ஈ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. கடைசியில் உள்ள 11 இடைவெளி 1.1 மி.மீ. என்பதற்கு. இந்த ஐந்தில் எது மாறினாலும் அது உங்கள் இன்ஜினின் பிளக் இல்லை.

மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டின் கீழ்ப்பகுதி மரையில் கரி சேரும். பிறகு சரியான பிளக்கைப் போட்டாலும் அது முழுதாக இறங்காது. ரெசிஸ்டர் இல்லாத பிளக் ரேடியோவில் இரைச்சலைக் கொடுப்பதோடு வண்டியின் மின்னணு சாதனங்களுக்கும் இடையூறு செய்யும்.

வெப்ப எண்ணில்தான் தவறு அதிகம் நடக்கிறது. பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி எரிந்து போகும்; 850 டிகிரியைத் தாண்டினால் பொறிக்கு முன்பே கலவை அந்த முனையிலிருந்து பற்றிக்கொள்ளும் ஆபத்து வரும். இந்த இரண்டு எல்லைக்குள் முனையை வைத்திருக்கும் வேலையே வெப்ப எண்ணின் வேலை. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் சூட்டை வேகமாக இறக்கும், அதாவது குளிர்ந்த வகை. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடான வகை. என்.ஜி.கே. 6-ம் டென்சோ 20-ம் ஏறக்குறைய ஒரே நிலை. ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து இன்னொரு கம்பெனியின் பிளக்கை ஊகித்து வாங்காமல், அவரவர் அட்டவணையில் வண்டியின் மாடலையும் இன்ஜினையும் பார்த்தே எடுக்க வேண்டும்.

போலிப் பிளக் உண்மையிலேயே ஒரு பிரச்சினைதான். பீங்கானில் உள்ள அச்சு மங்கலாக இருப்பது, வாஷர் கையோடு கழன்று வருவது, இரிடியம் என்று எழுதிவிட்டு நடு முனை தடித்திருப்பது, கிரவுண்ட் மின்முனை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது ஆகியவற்றில் எது கண்டாலும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் மேல் முனைக்கும் நடு மின்முனைக்கும் வைத்துப் பாருங்கள். ரெசிஸ்டர் பிளக்கில் பொதுவாக 3,000 முதல் 7,500 ஓம் வரை காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ரெசிஸ்டர் இல்லை.

கழற்றுவது

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை வைத்து எழுதுகிறோம்; இன்று பெரும்பாலான கார்களில் இந்த அமைப்புதான். தேவைப்படுவன: ராட்செட், 150 மற்றும் 75 மி.மீ. எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள 16 மி.மீ. பிளக் சாக்கெட், காயில் போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட் (சில வண்டிகளில் 8), இறுக்கும் விசையை (டார்க்) அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கும் கம்பி வகை கேஜ், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ், ஏர் அடிக்க ஒரு வசதி, கைக்கு விரலளவு தடிமனில் ஒரு முழ ரப்பர் டியூப். சில ஐரோப்பிய கார்களில் பிளக்குக்குப் பன்னிரண்டு முனை உள்ள 14 மி.மீ. சாக்கெட் வேண்டும். பழைய வண்டிகளில் 20.8 மி.மீ. அறுகோணம் வரும்.

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் இரும்பு. சூடான அலுமினிய மரை மிருதுவாக இருக்கும், இழுக்கும்போது கிழியும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் செய்வது மிகப் பொருத்தம்.

சாவியை எடுத்துவிட்டு மேலே உள்ள பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால் நான்கு காயில்கள் தெரியும். கனெக்டரின் பூட்டு வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து மொறுமொறுப்பாக இருக்கும். பூட்டை அழுத்துவதற்கு முன் கனெக்டரை ஒரு முறை உள்ளே தள்ளுங்கள், பிறகு அழுத்தி இழுங்கள். பூட்டு உடையாமல் வரும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. போல்ட்டைக் கழற்றிய பிறகு காயிலை நேராக இழுக்காமல் முதலில் இடம் வலமாகக் கொஞ்சம் திருகுங்கள். பிளக்கோடு ஒட்டிக்கொண்ட ரப்பர் விடுபடும். இழுத்த வேகத்தில் ரப்பர் கிழிந்து பாதி குழிக்குள் நின்றுவிட்டால் வேலை இரட்டிப்பாகும். காயில்களை எடுத்த வரிசையிலேயே வையுங்கள். எந்தக் காயில் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்பது பின்னால் தேவைப்படும்.

இப்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மணல், தூசி, காய்ந்த இலைத்துகள் எது இருந்தாலும் பிளக்கைக் கழற்றிய அடுத்த நொடியில் அது சிலிண்டருக்குள் விழும். ஒரு மணல்துகள் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மாட்டினால் போடும் கோடு இன்ஜின் இருக்கும் வரை இருக்கும். அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாக ஏர் அடியுங்கள். கம்ப்ரெஸர் இல்லாதவர்கள் வாக்குவம் கிளீனரில் மெல்லிய குழாயைச் சொருகி உறிஞ்சலாம். பிளக்கை அரைச் சுற்று தளர்த்திவிட்டு இன்னொரு முறை அடிப்பது இன்னும் நல்லது. அடியில் வாஷரைச் சுற்றி ஒட்டியிருந்த தூசி அப்போதுதான் விடுபடும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வேலையை வேகமாக முடித்ததாகச் சொல்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவரின் அடியில் உள்ள டியூப் சீல் போய்விட்டது. துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றலாம். ஆனால் சீலை மாற்றாமல் புதுப் பிளக்கைப் போட்டால் ஆயில் காயிலின் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும், சில மாதங்களில் மிஸ்ஃபயர் திரும்பி வரும். துருவும் தண்ணீர்த் தடமும் இருந்தால் இன்ஜினுக்கு அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார்கள்.

சாக்கெட் பிளக்கின் மேல் நேராக உட்கார வேண்டும். எக்ஸ்டென்ஷன் சாய்ந்தபடி பலம் கொடுத்தால் பீங்கான் விரியும். முதல் அசைவுக்கு ஒரு சின்ன 'டக்' என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். பிறகு கையாலேயே சுற்றி வர வேண்டும். இடையில் மறுபடி இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். மரையில் சிக்கிய கரி மரையைக் கிழிக்கத் தொடங்கியிருக்கிறது. கால் சுற்று திரும்ப இறுக்கி, துரு நீக்கும் ஆயில் சில சொட்டு விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக எடுங்கள். இம்பாக்ட் ரெஞ்ச் இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் தேவையில்லை.

ஒரு பிளக்கைக் கழற்றினால் அந்தக் குழியைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொன்றையும் முடித்துப் புதியதைப் போட்டுவிட்டே அடுத்ததைக் கழற்றுவது இன்னும் பாதுகாப்பு. ஆனால் நான்கையும் வரிசையாக வைத்து ஒப்பிடும் வாய்ப்பு தள்ளிப்போகும். எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம் என்று தோன்றுவதால் முதல் வழியையே சொல்கிறோம்.

கழற்றிய பிளக் சொல்வது

இந்த வேலையின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். சிலிண்டரைத் திறக்காமல் உள்ளே நடப்பதைக் காட்டும் சாட்சி கையில் கிடைத்திருக்கிறது. ஒரு அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி அந்தந்தப் பிளக்கை வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

முனைப் பீங்கான் வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. தேய்மானம் மட்டுமே பிரச்சினை. காய்ந்த கறுப்புக் கரி நான்கிலும் சமமாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம்: அடைத்த ஏர் ஃபில்டர், குறுகிய தூர ஓட்டம், கெட்டுப்போன ஆக்ஸிஜன் சென்சார் என்று தேட வேண்டும். ஒன்றில் மட்டும் கரி என்றால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, காயில் பலவீனமா என்று பாருங்கள். ஈரமான, பிசுக்கான கறுப்பு பெட்ரோல் வாசம் இல்லாமல் இருந்தால் அது ஆயில். வால்வ் சீலோ பிஸ்டன் ரிங்கோ போகிறது.

முனை வெள்ளை வெளேரென்று, சின்னக் கொப்புளங்களோடு இருப்பது எச்சரிக்கை. பிளக் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. வெப்ப எண் தவறாக இருக்கலாம், பெட்ரோல் குறைந்த கலவையாக இருக்கலாம், முன்பு போட்டவர் சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். மின்முனை உருகியிருந்தாலோ பீங்கானில் பளபளக்கும் அலுமினியப் புள்ளிகள் இருந்தாலோ புதுப் பிளக்கைப் போட்டு ஓட்டிவிடாதீர்கள். அந்தப் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து வந்தவை. மூன்று பிளக் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தாலும் மகிழ வேண்டாம். அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் கசிந்து நீராவியாகிப் பிளக்கைக் கழுவுகிறது என்று சந்தேகப்பட்டு ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

செங்கல் நிறப் படிவு பெரும்பாலும் பெட்ரோலில் கலந்த உலோகக் கலப்புப் பொருளிலிருந்து வருவது.

வெளிப்பக்கப் பீங்கானில், இரும்பு உடலை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் இருக்கும். வாயு கசிந்த தடம் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். உயர் வோல்டேஜைச் சுற்றிக் காற்றில் இருக்கும் நுண்ணிய ஆயில் துகள்கள் பீங்கானில் ஒட்டியதால் வந்த கறை அது, கெடுதல் இல்லை. மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு வேறு. மின்சாரம் பீங்கான் மேல் ஊர்ந்த பாதை அது. அந்தக் கோட்டுக்கு நேரே காயிலின் ரப்பருக்குள்ளும் ஒரு கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் ரப்பரில் உள்ள கோடு புதுப் பீங்கானையும் கெடுக்கும். ரப்பர் உறையையோ, தனியாகக் கிடைக்காவிட்டால் காயிலையோ சேர்த்து மாற்ற வேண்டும்.

கடைசியாக இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். 1.1 மி.மீ.யில் போட்ட பிளக் 1.3 அல்லது 1.4 காட்டினால் காயில் எவ்வளவு கூடுதலாக உழைத்திருக்கும் என்பது அங்கேயே தெரியும்.

பழைய பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போடும் வழக்கம் நிக்கல் காலத்தில் வந்தது. பிரஷ்ஷிலிருந்து உதிரும் உலோகம் பீங்கானில் கோடாக ஒட்டி மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கும். இரிடியம் முனையில் பிரஷ் பட்டால் முனையே போய்விடும்.

புதியதைப் போடுவது

புதுப் பிளக் இடைவெளி சரியாக வைத்தே வரும் என்றாலும் பயணத்தில் அட்டைப்பெட்டியோடு விழுந்திருக்கலாம். நான்கையும் அளந்து பாருங்கள். கம்பி வகை கேஜ்தான் வேண்டும். நாணயம் போன்ற வட்ட கேஜை இடைவெளிக்குள் நெம்பித் திருப்பினால் இரிடியம் முனை முறியும். இடைவெளி மாற வேண்டுமென்றால் கிரவுண்ட் மின்முனையை மட்டும் மிக மெதுவாக வளையுங்கள், நடு முனையில் எதுவும் படக் கூடாது. அளவு மிகவும் மாறியிருந்தால் வளைத்துச் சரிசெய்வதைவிட மாற்றி வாங்குவது நல்லது. டர்போ இன்ஜினில் இடைவெளி 0.7, 0.8 மி.மீ. என்று குறைவாக இருக்கும். அதிக அழுத்தத்தில் பொறி தாவ வேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், கூட்டி வைக்க வேண்டாம். கை தவறித் தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். பீங்கானுக்குள் விழுந்த விரிசல் வெளியே தெரியாது, சுமை ஏறும்போதுதான் தெரியும்.

காயிலுக்குள் சொருகும் மேல் முனை சில பிளக்குகளில் திருகிக் கழற்றும் வகையாக இருக்கும். அது தளர்ந்திருந்தால் இறுக்கிவிடுங்கள்.

பிளக்கின் மேல் பீங்கானில் ரப்பர் டியூபைச் சொருகி, குழிக்குள் இறக்கி, டியூபை விரலால் சுற்றுங்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் வழுக்கிக்கொண்டு இறங்கும். கோணலாகப் பிடித்தால் ரப்பர் பிளக்கை விட்டு நழுவிச் சுற்றும். மரை சிதையும் அளவுக்குப் பலம் அதற்குக் கிடையாது. முதலில் இடப்பக்கமாகச் சுற்றி, மரை தன் தொடக்கத்தில் சின்னதாக இறங்கி உட்காருவதை உணர்ந்த பிறகு வலப்பக்கம் சுற்றுவது இன்னும் பாதுகாப்பு. ராட்செட்டை எடுக்கும் முன் கையாலேயே அடிவரை இறங்கியிருக்க வேண்டும்.

மரைக்குக் கிரீஸோ, மரை இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் ஆன்டி சீஸோ பூசுவது பற்றி எங்கள் முடிவு தெளிவு: பூச வேண்டாம். இன்றைய பிளக்குகளின் உடலில் துருப்பிடிக்காத பூச்சு இருக்கிறது. டார்க் அளவு உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்டது. வழுவழுப்பான மரையில் அதே டார்க் கொடுத்தால் பிளக் தேவைக்கு மீறி இறுகும், உடல் நீளும், மரை போகும்.

அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள பிளக்குக்கு, 14 மி.மீ. மரை என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20, 10 மி.மீ. என்றால் 10 முதல் 12. வாஷர் இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் 14 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 20. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் சுற்றை வைத்து இறுக்கலாம்: புது வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக் கையால் இறுகி நின்ற பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. அந்த நேரத்தில் வாஷர் நசுங்குவது கையில் தெரியும். ஒரு முறை நசுங்கிய வாஷருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு. பிளக் பெட்டியில் அச்சிட்டிருக்கும் படத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைவாக இறுக்குவது பாதுகாப்பான தவறு என்று சிலர் நினைக்கிறார்கள். பிளக்கின் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. தளர்ந்த பிளக்கில் அந்த வழி அடைபட்டு முனை அதிகம் சூடாகி, பொறிக்கு முன்பே கலவை பற்றும். பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்கு அது போகலாம். கம்ப்ரெஷன் வாயு கசிந்து 'டிக் டிக்' என்ற சத்தமும் வரும். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் சிலவற்றில் கிரவுண்ட் மின்முனை எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதையே மரையில் கணக்கிட்டு வெட்டியிருப்பார்கள். அங்கே டார்க் மாறினால் பெட்ரோல் தூவலுக்குக் குறுக்கே மின்முனை நிற்கும்.

காயிலின் ரப்பர் உறைக்குள் விளிம்பை ஒட்டி டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். ரப்பர் பீங்கானோடு ஒட்டாது, அடுத்த முறை கிழியாமல் வரும். மேல் முனை உலோகத்தில் அப்ப வேண்டாம். காயிலை நேராக அழுத்தினால் முனை கவ்வுவது கையில் தெரியும். போல்ட்டைக் கையால் திருப்பிவிட்டு மெதுவாக இறுக்குங்கள். டேப்பட் கவர் பிளாஸ்டிக்கில் இருந்தால் இங்கேதான் மரை போகும். கனெக்டர் 'க்ளிக்' சத்தம் தரும் வரை தள்ளி, ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

வி6 இன்ஜின்களில் பின்வரிசைப் பிளக்கை எட்ட, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கும். திறந்த துளைகளைத் துணியால் மூடுங்கள், திரும்பப் போடும்போது மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் உள்ள இன்ஜின்களும் உண்டு. நான்கு சிலிண்டர் என்று நான்கு மட்டும் வாங்கி வந்து நிற்காமல் முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்.

மரை போய்விட்டால்

புதுப் பிளக் கையால் சுற்றும்போதே ஆடுகிறது, இறுக்கினால் இறுகாமல் சுற்றிக்கொண்டே போகிறது என்றால் ஹெட்டின் மரை போய்விட்டது. பெரிய பிளக்கைத் திணிப்பதோ பசை போடுவதோ ஹெட்டையே கெடுக்கும். துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி இரும்பு இன்செர்ட் வைப்பதே வழி. ஹெட்டைக் கழற்றாமலும் இது நடக்கும். மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்து வெட்டினால் உலோகத்துகள் கிரீஸில் ஒட்டி வரும். முடிந்ததும் சிலிண்டருக்குள் மெல்லிய குழாய் விட்டு உறிஞ்ச வேண்டும். இதை முதன்முறை செய்பவர் தன் வண்டியில் பழகாமல் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் சீராக நிற்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் பழைய குறியீடுகளை அழித்துவிட்டு, மிஸ்ஃபயர் எண்ணிக்கை காட்டும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இன்ஜின் சூடேறிய பிறகு உயர்ந்த கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் ஒரு மேடு ஏறுங்கள். தேய்ந்த பிளக் தோற்ற இடத்திலேயே புதியதைச் சோதிக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் வேலை சரி. எண்ணிக்கையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

பி0300 என்ற பிழைக் குறியீடு வந்தால் மிஸ்ஃபயர் ஒரே சிலிண்டரில் இல்லை. பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர் எண். புதுப் பிளக் போட்ட பிறகும் பி0302 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கனெக்டர் முழுதாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். அது சரியென்றால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றி, குறியீட்டை அழித்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றம் காயிலில். தேய்ந்த பிளக்கோடு அதிக நாள் ஓடிய வண்டியில் இது அடிக்கடி நடக்கும். பி0302-ஆகவே நின்றால் அதே முறையில் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரெஷன் சோதனை. மிஸ்ஃபயர் போன பிறகும் சில நாளில் பி0420 வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்த காலத்தின் பாதிப்பாக இருக்கலாம். ஆனால் கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் எக்ஸாஸ்ட் கசிவையும் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரையும் சோதித்துவிடுங்கள்.

கழற்றிய பழைய பிளக்குகளைச் சிலிண்டர் எண் எழுதிய அட்டையோடு, கிலோமீட்டரையும் தேதியையும் அளந்த இடைவெளியையும் குறித்து, புதியவை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வரை எறியாமல் வைத்திருங்கள். இடையில் ஏதாவது தொந்தரவு வந்தால் மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது அவற்றைத்தான்.